கோயம்பேட்டு விலைப்பட்டியலை அனுப்ப எந்த லைப்ரரி?

கோயம்பேடு மொத்தச் சந்தையில் பொழுது விடிவதற்கு முன்பே அன்றைய விலை ஏறக்குறையப் படிந்துவிடுகிறது. மதுரவாயலிலோ வளசரவாக்கத்திலோ காய்கறிக் கடை வைத்திருப்பவர், வண்டியில் மூட்டை ஏற்றுவதற்கு முன் போனைத் திறந்து, தக்காளி நேற்று என்ன விலைக்குப் போனது, இன்று என்ன விலை என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார். அந்தப் பட்டியலை அவருடைய போனுக்கு அனுப்பும் சர்வரை எழுதிப் பராமரிப்பது எங்கள் வேலை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு மாடியறை, நான்கு பேர், பைத்தான் மொழியில், இணையச் சர்வர் எழுத உதவும் டிஜாங்கோ என்னும் கட்டமைப்பைக் கொண்டு எழுதிய ஒரு நிரல். அண்மையில் அந்த நிரலில், தகவலை ஜேசான் வடிவத்துக்கு, அதாவது நிரல்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் எழுத்து வடிவத்துக்கு, மாற்றி வெளியே அனுப்பும் பகுதியைத் திரும்ப எழுத வேண்டி வந்தது. எந்த லைப்ரரியை, அதாவது பிறர் எழுதித் தந்த எந்த ஆயத்த நிரல் தொகுப்பை, வைத்து எழுதுவது என்று எங்களுக்குள் இரண்டு வாரம் விவாதம் நடந்தது. இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் மற்ற சிறு குழுக்களுக்குப் பயன்படும் என்பதால், எதை எதோடு வைத்து எடைபோட்டோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலைப்பட்டியலை அனுப்பும் முகவரிகளுக்கு (ஆப் வந்து தகவல் கேட்கும் சர்வர் இணைப்புகளுக்கு) எம்எஸ்ஜி-ஸ்பெக் என்னும் லைப்ரரி. விலையை உள்ளே பதியும் பக்கங்களுக்கு டிஜாங்கோவோடு சேர்த்து ஏற்கெனவே பயன்படுத்திவந்த டிஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க். அடியிலிருந்து புதிதாக, டிஜாங்கோவைப் போன்ற இன்னொரு கட்டமைப்பான ஃபாஸ்ட்ஏபிஐயில் தொடங்கியிருந்தால் பைடான்டிக் லைப்ரரியைத்தான் எடுத்திருப்போம். இணையத்தில் இந்த லைப்ரரிகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் அளக்கிறார்கள். எங்கள் விவாதமும் அங்கேதான் தொடங்கியது. ஆனால் முடிவு செய்தது வேகம் இல்லை. பட்டியலின் ஒரே ஒரு வரியை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தபோது, அதிலிருந்த மூன்று விஷயங்கள்தான் முடிவு செய்தன: பணம், தமிழ்ப் பெயர், அன்று வராத சரக்கு.

பணம்

ஒரு கிலோ கத்தரிக்காய் 12 ரூபாய் 50 காசு என்று வைத்துக்கொள்வோம். டேட்டாபேஸில் அது துல்லியமான தசம எண்ணாக, அதாவது டெசிமல் வகையாக இருக்கிறது. பைத்தானோடு சேர்ந்து வரும் ஜேசான் தொகுதியிடம் அதைக் கொடுத்தால், இந்த வகையை மாற்ற எனக்குத் தெரியாது என்று பிழை காட்டி நின்றுவிடும். அது நல்ல குணம். அவசரத்தில் நாம்தான் அதைக் கெடுக்கிறோம். பிழை போகட்டும் என்று டெசிமலை, கணினி தோராயமாகச் சேமிக்கும் மிதவைப் புள்ளி எண்ணாக மாற்றி அனுப்பிவிடுகிறோம். எங்கள் பழைய நிரலில் நானே இரண்டு இடங்களில் அப்படிச் செய்திருந்தேன். மிதவைப் புள்ளியில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும் என்பது எல்லா நிரலர்களுக்கும் தெரிந்த கதை. தெரிந்திருந்தும், ஒரு கடைக்காரரின் மொத்தத் தொகையில் அப்படி ஒரு வால் முளைத்து நிற்பதைத் திரையில் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது.

லைப்ரரிகள் இந்த இடத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. டிஜாங்கோவின் சொந்த ஜேசான் மாற்றி டெசிமலைச் சரமாக, அதாவது மேற்கோள் குறிக்குள் "12.50" என்று அனுப்புகிறது. டிஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கும் இயல்பாகவே சரமாக்குகிறது. வேண்டாம் என்றால் அமைப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டும். பைடான்டிக் இரண்டாம் பதிப்பும் சரமாகவே ஜேசானில் எழுதுகிறது. எம்எஸ்ஜி-ஸ்பெக்கும் அப்படித்தான், எண்ணாக வேண்டும் என்றால் கேட்டுப் பெறலாம். மார்ஷ்மெல்லோ என்னும் இன்னொரு லைப்ரரியில் டெசிமல் புலத்தை, அதாவது வரியில் உள்ள அந்த விவரத்தை, சரமாக்கச் சொல்லி நாம் குறிப்பிடாவிட்டால் அது டெசிமலாகவே அடுத்த கட்டத்துக்குப் போகும், அங்கே மறுபடியும் ஜேசான் தொகுதியிடம் முட்டிக்கொண்டு நிற்கும். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட, மிக வேகமான ஓஆர்-ஜேசானும் டெசிமலை ஏற்காது. எப்படி மாற்றுவது என்று நாம் ஒரு ஃபங்ஷன் எழுதித் தர வேண்டும்.

இவ்வளவையும் பட்டியலிட்ட பிறகு, லைப்ரரியை நம்பி இதை விடக்கூடாது என்று முடிவு செய்தோம். விலையைக் காசுக் கணக்கில் முழு எண்ணாக அனுப்புகிறோம்: 1250. எந்த லைப்ரரியும் முழு எண்ணைக் கெடுப்பதில்லை. பதிலைப் படிக்கும் இடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் மொழி இருந்தால் அது 9007199254740991 வரையிலான முழு எண்களைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்ளும். காய்கறி விலை காசுக் கணக்கில் எவ்வளவு ஏறினாலும் அந்த உயரத்துக்குப் போகாது. ஆனால் நீளமான அடையாள எண்களை முழு எண்ணாக அனுப்பும் நிரல்கள் இந்த எல்லையைக் கவனித்தே ஆக வேண்டும். அவற்றைச் சரமாக அனுப்புவது நல்லது.

தமிழ்ப் பெயர்

சின்ன வெங்காயம். எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் இது 14 தமிழ்க் குறியீடுகளும் ஒரு இடைவெளியும் சேர்ந்தது. அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், இடைவெளிக்கு 1, மொத்தம் 43 பைட். பைத்தானின் ஜேசான் தொகுதி, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் ஒரு பின்சாய்கோடு, ஒரு யு, நான்கு பதினறும இலக்கங்கள் என்று ஆறு பைட்டாக விரித்து எழுதுகிறது. அதே சின்ன வெங்காயம் 85 பைட் ஆகிவிடுகிறது. டிஜாங்கோவின் இயல்பான ஜேசான் பதிலும் அந்தத் தொகுதியின் மேல்தான் நிற்பதால் அங்கேயும் இதே கதைதான். பட்டியல் முழுக்கத் தமிழ்ப் பெயர்களும் தரக் குறிப்புகளும் இருந்தால், பெயர்ப் பகுதி ஏறக்குறைய இரண்டு மடங்காக வீங்கிப் போகும். இதைத் தடுக்க ஒரே ஒரு சொல்லை அமைப்பில் மாற்றினால் போதும். ஆனால் அதை மாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஜிஜிப் கொண்டு சுருக்கினால் இந்த வீக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். உண்மைதான். சர்வரைத் திறந்து பார்த்தோம். எங்கள் நிரலுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸில் சுருக்கம் இயக்கத்தில்தான் இருந்தது. ஆனால் வேறெதுவும் குறிப்பிடாவிட்டால் அது எச்டிஎம்எல் பக்கங்களை மட்டுமே சுருக்கும். ஜேசானையும் சுருக்கு என்று நாங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. லைப்ரரி விவாதத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் லாபம், லைப்ரரியோடு தொடர்பே இல்லாத இந்த ஒரு வரி.

டிஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க், பைடான்டிக், எம்எஸ்ஜி-ஸ்பெக், ஓஆர்-ஜேசான் ஆகிய நான்கும் தமிழைத் தமிழாகவே எழுதுகின்றன. 2017 டிசம்பரில் வந்த, இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 8259, அமைப்புகளுக்கு இடையே பரிமாறும் ஜேசான் யுடிஎஃப்-8ஆகத்தான் இருக்க வேண்டும் என்று வரையறுத்துவிட்டது. ஆகவே இதில் தயங்க ஒன்றும் இல்லை.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதை எந்த லைப்ரரியும் நமக்காகத் தீர்க்காது. ஒருநாள் காலை, பட்டியலில் கொத்தமல்லி கண்முன்னே இருக்கிறது, தேடினால் மட்டும் வரவில்லை என்று ஒரு கடைக்காரப் பெண்மணி படம் பிடித்து அனுப்பினார். இரண்டு சொற்களையும் பைட் பைட்டாகப் பிரித்து வைத்துப் பார்த்தோம். 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. விலை பதிபவரின் விசைப்பலகை ஒரு விதமாக எழுதியிருந்தது, தேடியவரின் போன் இன்னொரு விதமாக எழுதியிருந்தது. தக்காளியும் வெண்டைக்காயும் தேடலில் வந்ததால் இவ்வளவு நாள் யாருக்கும் தெரியவில்லை. கொத்தமல்லி, கொத்தவரங்காய், கோவைக்காய் போன்ற பெயர்களில்தான் மாட்டிக்கொண்டது. பெயர் உள்ளே வரும் வாசலிலேயே, பைத்தானின் யூனிகோடு தொகுதியைக் கொண்டு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். தேடும் சொல்லுக்கும் அதையே செய்கிறோம். தமிழ்த் தகவலை ஏபிஐ வழியாக, அதாவது நிரலுக்கு நிரல், அனுப்பும் எவரும் லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வராத சரக்கு

முருங்கைக்காய் ஒருநாள் வராது. வராத நாளில் விலை என்ன? பழைய நிரல் 0 என்று அனுப்பியது. போனில் முருங்கைக்காய் விலை 0 ரூபாய் என்று தெரிந்தது. ஜேசானில் நமக்கு மூன்று வழிகள் உண்டு: பூஜ்யம் அனுப்பலாம், வெறுமை என்னும் 'நல்' (null) அனுப்பலாம், அல்லது அந்தப் புலத்தையே அனுப்பாமல் விடலாம். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றே என்று நினைப்பவர்கள் உண்டு. எங்களுக்கு அவை வேறு வேறு. சரக்கு வரவில்லை என்பது நல். இன்னும் யாரும் விலை பதியவில்லை, சற்று நேரம் கழித்துப் பாருங்கள் என்பதுதான் புலம் இல்லாமை. கடைக்காரருக்கு இந்த வேறுபாடு முக்கியம். சரக்கு வரவில்லை என்றால் அவர் வேறு காய்க்கு மாறிவிடுவார், இன்னும் பதியவில்லை என்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார்.

பைடான்டிக்கில் நாம் மதிப்பே தராத புலங்களை விட்டுவிட்டு எழுதச் சொல்லலாம். நல் மட்டும் விடுபடவும் சொல்லலாம். எம்எஸ்ஜி-ஸ்பெக்கில் 'அமைக்கப்படவில்லை' என்பதற்கென்றே தனி மதிப்பு இருக்கிறது. ஒரு புலத்தில் அது இருந்தால் ஜேசானில் அந்தப் புலம் தோன்றாது. வகைக் குறிப்பிலேயே 'எண் அல்லது நல் அல்லது அமைக்கப்படாதது' என்று எழுதிவிடலாம். நிரலைப் படிப்பவருக்கு மூன்று நிலைகளும் ஒரே வரியில் தெரிந்துவிடும். இந்த இடத்தில் எம்எஸ்ஜி-ஸ்பெக் என் மனத்தைப் பிடித்துக்கொண்டது.

மார்ஷ்மெல்லோவில் இதற்கு நேர்மாறான ஒரு குணம் உண்டு. ஒரு புலத்தின் பெயரில் நாம் எழுத்துப் பிழை செய்தால், பொருளில் அப்படி ஒரு விவரமே இல்லாததால், அது அந்தப் புலத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மற்றதை எழுதும். அது அந்த லைப்ரரியின் வடிவமைப்பு. பல வகையான பொருள்களை ஒரே வரையறையால் எழுதுபவர்களுக்கு உதவும். சோதனைக்காக எழுதிய மாதிரியில் கூடிய விலைக்கான பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிட்டேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. பட்டியலில் கூடிய விலை மட்டும் காணாமல் போயிருந்தது. புலம் இல்லாமைக்கு எங்கள் ஏற்பாட்டில் ஒரு பொருள் இருக்கும்போது, பிழையும் அதே உருவத்தில் வந்தால் எங்களால் வேறுபடுத்த முடியாது. டிஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கில் இதே தவறைச் செய்தால், எந்தப் புலம், எந்தக் கிளாஸ் என்று நீளமாகச் சொல்லிப் பிழை காட்டும்.

களத்தில் இருந்தவை

முதலில், எந்த லைப்ரரியும் வேண்டாம் என்ற வாதம். ஒரு பொருளை எடுத்து ஒரு டிக்ஷனரியை (பெயரும் மதிப்புமான தொகுப்பை) திருப்பித் தரும் சாதாரண ஃபங்ஷன், அதன்பின் டிஜாங்கோவின் ஜேசான் பதில். இதை நான் மதிக்கிறேன். நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் புரியும். எந்தப் பதிப்பு மாற்றமும் இதை உடைக்காது. இரண்டு மூன்று முகவரிகள் மட்டும் உள்ள நிரலுக்கு வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்களிடம் நடந்தது வேறு. அன்றைய பட்டியல், ஒரு காயின் வார வரலாறு, தேடல் முடிவு என்று மூன்று இடங்களில் ஒரே காய் மூன்று டிக்ஷனரிகளாக எழுதப்பட்டிருந்தது. ஒன்றில் அலகு 'கட்டு' என்று வந்தது, இன்னொன்றில் அந்தப் புலமே இல்லை. வெளியே என்ன போகிறது என்பதற்கு எழுதிவைத்த ஒரே இடம் என்று எதுவும் இல்லை.

டிஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கின் சீரியலைசர்கள்தான், அதாவது பொருளை ஜேசானுக்குத் தயார்செய்யும் கிளாஸ்கள்தான், மீதி முகவரிகளில் இருந்தன. டாம் கிறிஸ்டி 2011இல் தொடங்கிய இந்தக் கட்டமைப்பு டிஜாங்கோ உலகில் இன்றும் ஆலமரமாக நிற்கிறது. ஒரே கிளாஸ் உள்ளே வருவதைச் சரிபார்க்கிறது, வெளியே போவதையும் எழுதுகிறது. விலை பதியும் பக்கத்தில் இது கொடுக்கும் வசதிக்கு ஈடு வேறெதிலும் இல்லை. எந்தப் புலத்தில் என்ன தவறு என்று அழகாகத் திருப்பிச் சொல்லும். ஆனால் எழுதுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தும்போது ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு புலத்துக்கும் பைத்தானில் கொஞ்சம் வேலை நடக்கிறது. பட்டியல் நீளும்போது அது கூடிக்கொண்டே போகும்.

எங்கள் பட்டியல் மெதுவாக வருவதற்கு அதுதான் காரணம் என்றே முதலில் நம்பினோம். அளந்து பார்த்தபோது நேரத்தில் பெரும்பகுதி டேட்டாபேஸுக்காகக் காத்திருப்பதில் போயிருந்தது. சீரியலைசரில் ஒரு கூடுதல் புலத்துக்காக எழுதிய ஃபங்ஷன், ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாகப் போய் நேற்றைய விலையைக் கேட்டுக்கொண்டிருந்தது. காய்கள் எத்தனையோ, குவெரிகளும் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளும்) அத்தனை. தொடர்புடைய வரிகளை முன்கூட்டியே ஒரே தடவையில் எடுத்து வைக்கும் வசதி டிஜாங்கோவிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தியதும் பழைய சீரியலைசரே போதுமான வேகத்தில் ஓடியது. லைப்ரரி மாற்ற நினைக்கும் எவரும் அதற்கு முன் தங்கள் குவெரிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் மாறியிருந்தால், கிடைத்த வேகத்துக்குப் புதிய லைப்ரரிதான் காரணம் என்று நாங்களும் தவறாக எழுதியிருப்போம்.

செர்பி என்று ஒரு லைப்ரரி உண்டு. எழுதுவதற்கு மட்டுமே ஆனது, மிகச் சிறியது, டிஜாங்கோ சீரியலைசரைப் போலவே தோற்றம் கொண்டது. எங்களுக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருந்தது. ஆனால் பல ஆண்டுகளாக அதற்குப் புதிய வெளியீடு இல்லை. அதோடு அதை ஒதுக்கிவிட்டோம்.

ஓஆர்-ஜேசான் இந்த வரிசையில் சேராது. அது பொருளை பைட்டாக மாற்றும் இயந்திரம். எந்தப் புலம் போக வேண்டும், எது போகக்கூடாது என்பதை அது கேட்பதில்லை. கையால் எழுதிய டிக்ஷனரியோடு அதைச் சேர்த்துக்கொள்வது நல்ல இணை. 2015இல் முதல் பதிப்பு வந்த ஜேசான்:ஏபிஐ என்ற பொது வரையறையை எங்கள் குழுவில் ஒருவர் முன்மொழிந்தார். ஒவ்வொரு வரிக்கும் வகை, அடையாளம், பண்புகள் என்று உறைமேல் உறையாக வரும் அந்த வடிவம், பலதரப்பட்ட செயலிகள் ஒரே சர்வரைப் பயன்படுத்தும் இடத்துக்குப் பொருந்தும். எங்களிடம் ஒரே ஆப்தான் இருக்கிறது.

கடைசியில் இரண்டு

பைடான்டிக், சாமுவேல் கால்வின் 2017இல் தொடங்கியது. 2023 ஜூனில் வந்த இரண்டாம் பதிப்பில் அதன் மையப் பகுதி ரஸ்ட் மொழியில் திரும்ப எழுதப்பட்டது. செபஸ்தியான் ராமிரெஸின் ஃபாஸ்ட்ஏபிஐ இதன் தோளில்தான் நிற்கிறது. வகைக் குறிப்போடு ஒரு கிளாஸ் எழுதினால் போதும். உள்ளே வரும் தகவலைச் சரிபார்ப்பது, ஜேசானாக எழுதுவது, ஏபிஐ ஆவணத்துக்கான வரையறையைத் தருவது என மூன்றும் அதிலிருந்தே வரும். தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சென்னையில் ஒரு பைத்தான் நிரலரை வேலைக்கு எடுத்தால் பைடான்டிக்கை அவர் ஏற்கெனவே தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். சிறு குழுவுக்கு இது லேசான காரணம் இல்லை.

அதன் சுமைகளையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பொருளை உருவாக்கும்போதும் அது சரிபார்க்கிறது. டேட்டாபேஸிலிருந்து நாமே எடுத்த, ஏற்கெனவே சரியான தகவலையும் மறுபடி சரிபார்க்கிறது. அதைத் தாண்டிப் போக ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஆனால் குறுக்கு வழியிலேயே எப்போதும் போவதாக இருந்தால் அந்த லைப்ரரி எதற்கு? இன்னொன்று, இயல்பான நிலையில் அது இளகிய மனம் கொண்டது. எண் வர வேண்டிய இடத்தில் "123" என்ற சரம் வந்தால் எண்ணாக மாற்றி ஏற்றுக்கொள்ளும். கண்டிப்பாக இரு என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் பதிப்பிலிருந்து இரண்டாம் பதிப்புக்கு வந்தபோது அன்றாடம் அழைக்கும் பல ஃபங்ஷன்களின் பெயர்கள் மாறின. இன்னொரு வேலையில் அந்த மாற்றத்தைச் செய்தவன் என்ற முறையில், அது ஒரு மாலையில் முடியும் வேலையாக இருக்கவில்லை என்று சொல்ல முடியும்.

எம்எஸ்ஜி-ஸ்பெக், ஜிம் கிரிஸ்ட்-ஹாரிஃப் எழுதியது. மையம் சி மொழியில். வேறு எந்தத் தொகுப்பையும் தன்னோடு இழுத்து வராது. 'ஸ்ட்ரக்ட்' என்ற ஒரு கிளாஸ் வகை, ஜேசானாக எழுதும் ஒரு ஃபங்ஷன், படிக்கும் ஒரு ஃபங்ஷன். அன்றாடத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். புலங்கள் எழுதிய வரிசையிலேயே வெளியே போகின்றன. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். விலை மாறாவிட்டால் பதிலின் பைட்டுகளும் அச்சு மாறாமல் இருக்கும் என்பதால், பதில் மாறியதா என்று அதன் அடையாளத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் டிஜாங்கோவின் ஈ-டேக் வசதி 'மாறவில்லை' என்ற 304 பதிலோடு முடித்துக்கொள்கிறது. பட்டியலைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் கடைக்காரருக்கு, பெரும்பாலான தடவைகளில் பட்டியல் மறுபடி இறங்க வேண்டியதே இல்லை.

பெயர்களை விட்டுவிட்டு மதிப்புகளை மட்டும் வரிசையாக அனுப்பும் வசதியும் அதில் இருக்கிறது. இன்னும் சிறிதாகும் என்று ஆசை வந்தது. வேண்டாம் என்று விட்டோம். அப்படிச் செய்தால் புலங்களின் வரிசையே உடன்படிக்கையாகிவிடும். நடுவில் ஒன்றைச் சேர்த்தால் பழைய ஆப் தரத்தை விலையாகப் படிக்கும்.

எங்கள் குழுவில் இளையவர் பைடான்டிக் பக்கம் நின்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி: “அண்ணா, வெளியே போகும் தகவலையும் ஒருமுறை சரிபார்த்தால் நமக்கு என்ன நஷ்டம்?” சொன்னதோடு நிற்காமல் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். எம்எஸ்ஜி-ஸ்பெக்கின் ஸ்ட்ரக்ட்டில் விலை என்பது முழு எண் என்று எழுதியிருந்தார். அதில் 'நாற்பது' என்ற சரத்தைக் கொடுத்தார். மறுப்பே இல்லாமல் வாங்கிக்கொண்டது, ஜேசானிலும் 'நாற்பது' என்றே எழுதியது. ஆவணத்தைப் படித்தால் இது தெளிவாக இருக்கிறது: எம்எஸ்ஜி-ஸ்பெக் ஜேசானைப் படிக்கும்போதுதான் வகைகளைச் சரிபார்க்கும், பைத்தானில் நாமே பொருளை உருவாக்கும்போது சரிபார்க்காது. அதன் வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம். வகைக் குறிப்புகளைப் பார்த்துப் பிழை சொல்லும் தனிக் கருவி அந்த வேலையைச் செய்துகொள்ளும் என்பது எதிர்பார்ப்பு.

அன்று மாலை வரை எனக்குப் பதில் இல்லை. அவர் காட்டியது எங்கள் தேவைக்கு நேரடியான தடை. மறுநாள் அவரே வழியையும் கொண்டுவந்தார். படிக்கும்போது சரிபார்க்கும் என்றால், நாம் எழுதியதை நாமே படித்துப் பார்த்தால் என்ன? சோதனைத் தொகுப்பில் ஒவ்வொரு முகவரியின் பதிலையும் அதே ஸ்ட்ரக்ட்டைக் கொண்டு திரும்பப் படிக்க வைத்தோம். வரையறையில் இல்லாத புலம் வந்தாலும் மறுக்கும்படி அமைத்தோம். 'நாற்பது' அங்கே மாட்டிக்கொண்டது. கூடவே வகை சோதிக்கும் கருவியையும், நிரலைச் சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் ஓடும்படி வைத்தோம். கடைக்காரர் பட்டியலைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் நடக்க வேண்டிய சரிபார்ப்பு, நாங்கள் நிரலை மாற்றும் ஒவ்வொரு தடவையும் நடந்தால் போதும் என்றாகிவிட்டது. டேட்டாபேஸில் வகைகள் உறுதியாக இருப்பதால்தான் இந்த ஏற்பாடு எங்களுக்குப் பொருந்துகிறது. வெளியாரின் தகவலை வாங்கி அப்படியே மறுபக்கம் அனுப்பும் சர்வராக இருந்தால் அந்த இளையவரின் முதல் யோசனைதான் சரி, பைடான்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்எஸ்ஜி-ஸ்பெக்கில் எனக்குள்ள தயக்கம் ஒன்றே. அது நீண்ட காலம் பெரும்பாலும் ஒரே மனிதரின் உழைப்பில் நின்ற லைப்ரரி. பைடான்டிக்குக்குப் பின்னால் ஒரு நிறுவனமே இருக்கிறது. ஆகவே ஸ்ட்ரக்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறோம். அதைத் தவிர வேறெங்கும் அந்த லைப்ரரியின் பெயர் நிரலில் வரக்கூடாது என்பது எங்கள் விதி. புலங்களும் வகைகளும் சாதாரண பைத்தான் குறிப்புகளாக இருப்பதால், நாளை அது நின்றுபோனால் அந்த ஒரு கோப்பைப் பைடான்டிக்குக்கோ பைத்தானின் சொந்த டேட்டாகிளாஸுக்கோ மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றும்போது நடந்தது

பழைய முகவரிகளின் பதில்களைச் சேமித்து வைத்துப் புதிய பதில்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மாறினோம். முதல் ஒப்பீட்டிலேயே ஒரு வேறுபாடு கிடைத்தது, நாங்கள் எதிர்பாராத இடத்தில்: விலை பதிந்த நேரம். டிஜாங்கோவின் சொந்த மாற்றி நொடியின் பின்னத்தை மூன்று இலக்கத்தோடு வெட்டி எழுதும். எம்எஸ்ஜி-ஸ்பெக் ஆறு இலக்கத்தையும் எழுதும். இரண்டும் முறையான வடிவங்கள்தான். ஆனால் எங்கள் ஆப்பின் மிகப் பழைய பதிப்பு நேரத்தை எழுத்து எண்ணிக்கையை வைத்து வெட்டிப் படித்தது. அதை எழுதியவர்களும் நாங்களே. அதைப் புதுப்பிக்காத போன்கள் இன்னும் சந்தையில் நிறைய இருக்கின்றன; போனில் இடம் இல்லை என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள்.

பழைய ஆப்புக்காக நேரத்தை மட்டும் நாங்களே மூன்று இலக்கத்தோடு சரமாக்கி ஸ்ட்ரக்ட்டில் வைக்கிறோம். பூச்சந்தைப் பட்டியல் இன்னும் பழைய சீரியலைசரிலேயே ஓடுகிறது. மல்லிகைக்குக் காலையிலும் மதியத்திலும் வெவ்வேறு விலை இருப்பதால், ஒரு நாளுக்கு ஒரு விலை என்ற எங்கள் ஸ்ட்ரக்ட் அதற்குப் போதாது. அதன் வரையறையை இப்போது தாளில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.